பலகைக்கு இந்தப் பக்கம் நுண்ணியல்

எங்கள் தெருவில் சாயங்காலம் ஆகிவிட்டதென்று தெரிந்துகொள்ள நான் கடிகாரத்தைப் பார்த்ததே கிடையாது. எதிர்வீட்டில் சைக்கிள் மணி அடிக்கும். பழைய சைக்கிளிலிருந்து கழற்றி, வீட்டுக்கூடத்தை இரண்டாகப் பிரிக்கிற ஒட்டுப்பலகையின் விளிம்பில் திருகி வைத்திருந்தார்கள். மணி அடித்ததும் முன்பக்கம் இருந்த பிள்ளைகள் பின்பக்கம் போவார்கள், பின்பக்கம் இருந்தவர்கள் முன்பக்கம் வருவார்கள். பொருளாதார டியூஷன். முன்பக்கம் சார் நுண்ணியல் எடுப்பார். பின்பக்கம் அவர் மனைவி பேரியல் எடுப்பார். பிள்ளைகளுக்கு அவர் மைக்ரோ சார், அந்த அம்மா மேக்ரோ மேடம். தெருவுக்கும் அப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவர்களுடைய மாதிரி வினாத்தாள், குறிப்பு எல்லாம் என் இயந்திரத்தில்தான் பிரதியாகும். காகிதம் ஈரம் இழுத்தால் இயந்திரம் மென்று துப்பும். மழைக்காலத்தில் காகிதக் கட்டைப் பழைய துணியில் சுற்றி, மேலே விளக்கைப் போட்டு வைக்க வேண்டும். அந்த வேலைகளுக்கு நடுவில் என் கண் எதிர்வீட்டில்தான் இருக்கும். வம்புக்கு அலைகிறவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் வாயிலிருந்து வருகிற பேச்சே வாரத்துக்கு அவ்வளவுதான். மிச்ச நேரம் டிவிதான் பேசும். எதிர்வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சாப்பிட உட்கார்ந்தால்கூட வட்டி விகிதம் பற்றிச் சண்டை போடுவார்கள். சண்டை போடவாவது விஷயம் இருக்கிறதே என்று எனக்கு வயிறு எரியும். உள்ளதைச் சொல்வதற்கு என்ன.

மணி அடித்ததும் என்ன நடக்கும் என்பதுதான் அந்த வீட்டின் கதை. சார் பக்கத்துப் பிள்ளைகள் மணியின் முதல் ஓசையிலேயே எழுந்து பையைத் தோளில் மாட்டியிருப்பார்கள். மேடம் பக்கத்துப் பிள்ளைகள் எழவே மாட்டார்கள். "மேடம், அந்த ஒண்ணு மட்டும்", "மேடம், அப்ப பணவீக்கம் வந்தா கடன் வாங்கினவனுக்கு லாபமா?" என்று இழுப்பார்கள். சார் காலியான பெஞ்சுகளுக்கு முன்னால் சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நிற்பார். என் கடையிலிருந்து அவருடைய முதுகு தெரியும்.

படிக்கிற காலத்தில் இருவரும் ஒரே வகுப்பு. சார் முதல் மாணவர், மேடம் இரண்டாவது. டியூஷன் தொடங்கியபோது பாடத்தைப் பிரித்ததும் அவர்தான். புத்தகத்தில் முதலில் வருவதை நான் எடுக்கிறேன், பின்னால் வருவதை நீ எடுத்துக்கொள் என்றாராம். பலகையை அடித்ததும் அவரே. கோணலாகத்தான் அடித்திருந்தார்.

சாருக்கு ஒரே ஓர் உதாரணம் உண்டு, ஆப்பிள். பசியோடு இருப்பவனுக்கு முதல் ஆப்பிள் அமுதம், அடுத்தது இனிப்பு, அதற்கடுத்தது பரவாயில்லை, அப்புறம் குமட்டல். குறைந்து செல்லும் இறுதிநிலைப் பயன்பாடு. வருஷா வருஷம் அதே ஆப்பிள். கேட்டுக் கேட்டு எனக்கே ஆப்பிளைக் கண்டால் ஆகாமல் போய்விட்டது. அந்த விதி உண்மைதான் போலிருக்கிறது.

கோடைக் கடைசியில், புழுதிக் காற்று அடித்துக்கொண்டிருந்த நாளில் சாருடைய தொண்டை கட்டியது. கத்திக் கத்திப் பாடம் எடுத்ததில் உள்ளே சின்ன முடிச்சு விழுந்திருக்கிறது, ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சார் ஒரு சிலேட்டை வாங்கி வைத்துக்கொண்டார். தண்ணீர் வேண்டுமானாலும் அதில் எழுதிக் காட்டினார். மேடம் பெஞ்சுகளை எல்லாம் பின்பக்கம் இழுத்துப் போட்டு, இரண்டு பாடத்தையும் தானே எடுக்க ஆரம்பித்தார். சார் முன்பக்கம் தனியாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினார். அவருக்கு மிஞ்சிய ஒரே அதிகாரம், வகுப்பை முடித்து வைக்கிற மணி.

முதல் நாளே மேடம் பேக்கரியிலிருந்து ஒரு பை நிறைய பன் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரே சிரிப்பு. வகுப்பில் ஒரு தீனிப்பண்டாரம் உண்டு, அவனை எழுப்பி நிறுத்தித் தின்னச் சொல்லியிருக்கிறார்.

"இன்னொண்ணு வேணுமா?"

"வேணும் மேடம்."

"இப்ப?"

"ம்... குடுங்க."

"இப்ப?"

"மேடம், விட்டுடுங்க மேடம், வீட்டுல அம்மா தேடுவாங்க."

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். சார் வருஷக்கணக்கில் ஆப்பிளை வைத்துப் போராடியதைப் பன் நொடியில் முடித்துவிட்டது. ஜெராக்ஸ் கட்டைக் கொடுக்கப் போனவள் சார் முகத்தைப் பார்த்தேன், சுண்டிப்போயிருந்தது. சிலேட்டில் எழுதி என்னிடம் திருப்பினார்: 'பன் கொடுத்தால் யாருக்குத்தான் புரியாது?' நான் தலையாட்டி வைத்தேன். அவர் அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: 'ஆப்பிள்தான் உடம்புக்கு நல்லது.'

பேரியலுக்கு மேடம் என்னையே உதாரணமாக எடுத்தார். "எதிர்க்கடை ஜெராக்ஸ் அக்கா நாளையிலேருந்து சிக்கனமா இருக்கலாம்னு பேக்கரியில பன் வாங்கறதை நிறுத்திட்டாங்க. நல்ல பழக்கம்தானே? சரி. அதையே தெருவுல எல்லாரும் செஞ்சா? பேக்கரிக்காரர் அடுப்பை அணைச்சுடுவாரு. அவர் பையன் இங்க படிக்கிறான், அவனை நிறுத்திடுவாரு. அவன் நோட்ஸ் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகமாட்டான். சேமிக்க ஆரம்பிச்ச அக்காவுக்கே சேமிக்க ஒண்ணும் இருக்காது. ஒருத்தருக்கு நல்லதா இருக்கறது எல்லாரும் செஞ்சா நல்லதா இருக்கணும்னு இல்ல." மறுநாள் பிள்ளைகள் என் கடைக்கு வந்து, "அக்கா, இன்னைக்குப் பன்னு வாங்கினீங்களா? நாட்டைக் கவுத்துடாதீங்க" என்று கேலி செய்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் ஒரு பன் வாங்கித் தின்றேன்.

சாருக்கு அதுவும் பொறுக்கவில்லை. அப்போதுதான் மணியில் கை வைத்தார்.

வழக்கமாக அடிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் மணி அடித்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் முன்னால். மேடம் பாதி வாக்கியத்தில் இருப்பார், டிங் டிங். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். வெயில் என் கடைப் படியைத் தாண்டாமலே வகுப்பு முடிந்து போயிற்று. இந்த மனுஷனுக்கு ஏன் இந்தக் கண்றாவிப் புத்தி என்று எனக்குக் கோபம். ஆனால் நடந்தது வேறு. பிள்ளைகள் முன்கூட்டியே வர ஆரம்பித்தார்கள். முன்பெஞ்சில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு. பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வந்து என் கடை நிழலில் காத்து நின்றார்கள். சீக்கிரம் முடிந்துபோகிற வகுப்பு என்பதால் ஒருவரும் உள்ளே வாய் திறந்து அரட்டை அடிப்பதில்லை. மேடமும் வளவளவென்று இல்லாமல் பாடத்தை இறுக்கிக் கட்டினார்.

வினாத்தாள் கொடுக்க வந்த மேடத்திடம் ஜாடையாகக் கேட்டேன்.

"மணி கொஞ்சம் சீக்கிரமா அடிக்குதோ?"

"அடிக்குதுக்கா."

"ஒண்ணும் சொல்லலையா நீங்க?"

"என்னத்தைச் சொல்ல? அளிப்பைக் குறைக்கறாரு. மதிப்பு ஏறிட்டுப் போகுது. இந்தப் பாடத்தை அவர் எத்தனை வருஷமா நடத்தறாரு, கையில மணி வந்ததும் மறந்துட்டாரு." சிரித்தார். ஆனால் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. "உக்காருங்க" என்றேன். "உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்கா" என்று போய்விட்டார். அந்த நாட்களில் அவர் நின்றுகொண்டே சாப்பிட்டதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் சேர்ந்தால் ஈ வராமல் இருக்குமா. மெயின் ரோட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த கோச்சிங் சென்டரின் முதலாளி காரில் வந்தார். நான் குறிப்புகளை ஸ்பைரல் போட்டு எடுத்துப் போயிருந்தேன், அதனால் கூடவே நிற்கக் கிடைத்தது. அவர் சாருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, சாருக்குக் காதும் போய்விட்ட மாதிரி அவர் தலைக்கு மேலே மேடத்திடம் பேசினார்.

"ரெண்டு பாடமும் நீங்களே எடுங்க மேடம். ஏசி ரூம், மைக்கு, எல்லாம் இருக்கு. ஒரே கண்டிஷன், வீட்டுல டியூஷன் நடத்தக் கூடாது. எங்களுக்கு நாங்களே போட்டின்னு ஆயிடக் கூடாது பாருங்க."

"சார் வகுப்பு?" என்றார் மேடம்.

"சாருக்குத்தான் ரெஸ்ட்டு வேணுமே. இனிமே நிம்மதியா இருக்கட்டும்."

சார் சிலேட்டை எடுத்தார். சாக்பீஸைத் தேடினார். கிடைக்கவில்லை. மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க, சொல்றேன்" என்றார் மேடம்.

மேடம் சரி என்றால் அந்த வீட்டில் மணிக்கு வேலை இல்லை. சார் இனி எந்தப் பெஞ்சுக்கு முன்னாலும் நிற்கப்போவதில்லை. அது மூன்று பேருக்கும் தெரியும், ஸ்பைரல் கட்டோடு நின்ற எனக்கும் தெரியும்.

மறுநாள் சார் என் கடைக்கு வந்தார். மழை பிடித்துக்கொண்டிருந்தது. கடைக்குள் நாலைந்து பிள்ளைகள் ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் ஒரு பெண் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பவள், வகுப்பில் அவளுக்குக் கேள்விக்குறி என்றே பெயர். அவள் சாரைப் பார்த்து எழுந்து, "சார், மணியைக் கொஞ்சம் லேட்டா அடிங்க சார். சீக்கிரம் முடிஞ்சுடுதுன்னு எல்லாரும் இடம் பிடிக்க ஓடி வர்றோம்" என்றாள். சார் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் மெதுவாக ஏறியது. தான் நடத்துகிற பாடம் தன் தலையிலேயே விடிந்திருப்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

மழை விட்டுப் பிள்ளைகள் போனார்கள். இயந்திரம் காகிதத்தை மென்றுவிட்டது. மூடியைத் திறந்து, சாரிடம் நானே பேசிக்கொண்டிருந்த சுவாரஸ்யத்தில் உருளைக்குப் பக்கத்தில் கையை விட்டேன்.

"தொடாத! சூடு!"

கையை இழுத்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. கடையில் என்னையும் சாரையும் தவிர யாரும் இல்லை. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"குரல் வந்துடுச்சா சார்?"

வெளியே எட்டிப் பார்த்தார். "கத்தாத தங்கச்சி. நாலஞ்சு நாளாச்சு. டாக்டரும் பேசலாம்னுட்டாரு."

"அப்புறம் என்னத்துக்கு இந்தச் சிலேட்டு வேஷம்?"

முக்காலியில் உட்கார்ந்தார். துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி இருந்தது குரல். "இப்ப எல்லாரும் என்ன நினைக்கறாங்க? சாருக்குத் தொண்டை சரியில்ல, பாவம்னு. நான் பேச ஆரம்பிச்சா ஆளே சரியில்லைன்னு தெரிஞ்சுபோயிடும்."

"என்ன பேச்சு சார் இது."

"இல்லம்மா, கேளு. முன்னாடி எனக்குச் சந்தேகம்தான். பேரியல் சுலபம், கதை மாதிரி, அதான் பிள்ளைங்க ஒட்டிக்குதுங்கன்னு சமாதானம் பண்ணிப்பேன். நுண்ணியல் நமக்குத்தான்னு ஒரு நெனப்பு. இந்த மாசம் பலகைக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேட்டேன். என் பாடத்தை அவ எடுக்கறா. எனக்கே புதுசாப் புரியுது! எவ்வளவு அசிங்கம் பாரு. கட்டின பொண்டாட்டி மேல பொறாமை. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினான்னா ஊர்ல நாலு பேர்கிட்டப் புலம்பலாம். இதை யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

"எங்கிட்டச் சொல்லிட்டீங்களே."

"அதான் பயமா இருக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரி இளகியும் போயிற்று. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. மேடம் கிட்டப் பேசுங்க. போகாதன்னு சொல்லுங்க."

"என்ன உரிமையில சொல்ல? அவ போனாத்தான் அவளுக்கு நல்லது. போகாதன்னு சொன்னா எனக்கு நல்லது. ரெண்டையும் சேர்த்து எழுதற மாதிரி எந்தப் புஸ்தகத்துலயும் நான் படிக்கல."

சிலேட்டை அக்குளில் வைத்துக்கொண்டு போனார். வாசலில் மேடம் கேட்ட எதற்கோ சிலேட்டில் எழுதிக் காட்டுவதும் தெரிந்தது. நடிப்பில் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வினாத்தாள் கட்டோடு நான் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். யாரும் அவசரமாகக் கேட்கவில்லை, நானாகத்தான் எடுத்துப் போனேன். சார் முன்பக்கம் விடைத்தாள்களோடு இருந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் மேடம் குரல்.

"இன்னைக்கு ஒப்பீட்டு நன்மை. ஒரு வீட்டுல ரெண்டு பேரு. அந்தம்மா நல்லாத் துணி தைப்பாங்க, நல்லா ரொட்டியும் சுடுவாங்க. அவருக்கு ரொட்டி சுமாரா வரும். தையல் ரொம்ப சுமார், கை ஒண்ணு நீளம் ஒண்ணு கட்டை. இப்ப யார் எதைச் செய்யணும்?"

"அந்தம்மாவே ரெண்டையும் செய்யலாம் மேடம்" என்றது ஒரு குரல்.

"செய்யலாம். எப்பச் செய்வாங்க? ரொட்டி பக்கம் போற ஒவ்வொரு நேரமும் தையல்ல போயிடுதே. அதான் வாய்ப்புச் செலவு. அவங்க எவ்வளவு கெட்டிக்காரியா இருந்தாலும் அவங்களுக்கும் ஒரு நாள்தான் ஒரு நாள். கால் வலிக்கும், தூக்கம் வரும். அவர் சுமாரா ரொட்டி சுட்டாலும் போதும், இவங்க கை தையலுக்கு மிச்சமாகும். வீட்டுல ரொட்டியும் இருக்கும், சட்டையும் இருக்கும். ஒருத்தர் எல்லாத்துலயும் பின்தங்கி இருந்தாலும் அவர் இல்லாம இன்னொருத்தருக்கு நஷ்டம்தான். இதுல இரக்கம் கிடையாது, கணக்கு."

சார் பேனாவை வைத்துவிட்டார்.

கேள்விக்குறி எழுந்து நின்றிருக்க வேண்டும். பெஞ்சு கிறீச்சிட்டது. "மேடம், அவரு ரெண்டுலயும் அந்தம்மாவை விட மோசம்னு அவருக்குத் தெரியுமா?"

பலகைக்கு அந்தப் பக்கம் சாக்பீஸ் கீறுவது நின்றது.

"தெரியும்" என்றார் சார்.

எழுந்து பலகையைச் சுற்றிப் போனார். நானும் வெட்கம் இல்லாமல் பின்னாலேயே போய் நின்றேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"ரொம்ப நாளாத் தெரியும். இந்தப் பலகையை நான்தான் அடிச்சேன். அந்தப் பக்கச் சிரிப்பு கேக்காத மாதிரி அடிக்கத் தெரியல."

மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. கரும்பலகையில் எழுதியதையே பார்த்துக்கொண்டு, "குரல் வந்தது எனக்கும் தெரியும்" என்றார். "தூக்கத்துல ஆப்பிள் பாடம் நடத்தறீங்க."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சாரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நீ போ. அங்கயே போ. நான் தடுத்தேன்னு பேர் வேண்டாம்."

"போகத்தான் போறேன். காலையில, பேரியல் மட்டும். சாயங்காலம் நமக்கு இங்க வகுப்பு. ஆப்பிள் உங்களோடது."

"இரக்கப்பட்டுச் சொல்ற."

அப்போதுதான் மேடம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "என் காலைப் பாருங்க. ஒரு மாசமா ரெண்டையும் சுமக்கறேன். நீங்க குரலை ஒளிச்சு வெச்சுட்டு அந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க. நான் கெட்டிக்காரியா இருக்கறது உங்களுக்கு எரியுது, சரி, எரியட்டும். அதுக்காக நான் செத்துப்போகணுமா?"

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சார் அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். முன்வரிசைப் பெஞ்சு ஒன்றைப் பிடித்து இழுத்தார், பலகையைத் தாண்டித் தன் பக்கம். தீனிப்பண்டாரம் எழுந்து ஒரு கை கொடுத்தான். "எனக்கு சார் கிளாஸும் பிடிக்கும்" என்றான் என்னிடம். "நடுவுல தூங்கி எந்திரிச்சாலும் சார் அதே பக்கத்துலதான் இருப்பாரு. எதுவும் விட்டுப்போகாது."

சென்டர்காரர் வந்தார். மேடம் சொன்னதைக் கேட்டு முகத்தைத் தூக்கினார், முடியாது என்றார், கார் வரைக்கும் போனார், திரும்பி வந்து சரி என்றார். அவர் போனதும் சார் என் பக்கம் சாய்ந்து, "மாற்றுப் பொருள் இல்லாத சரக்கு. என்ன கண்டிஷன் போட்டாலும் வாங்கித்தான் ஆகணும். நெகிழ்ச்சி இல்லாத தேவை. நான் எழுதிப் போட்டு நடத்தறேன், அவ செஞ்சு காட்டறா" என்றார். சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக அந்தக் குரலில் இருந்தன.

மேடம் திருப்புளி எடுத்து வந்து சைக்கிள் மணியைக் கழற்றிப் பலகையின் பின்பக்கத்தில் மாட்டினார். "இனிமே இது என் பக்கம்" என்றார். சார் மறுப்புச் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வார்.

திங்கட்கிழமை பழையபடி இரண்டு பக்கமும் வகுப்பு. சார் ஆப்பிளை எடுத்தார். பிள்ளைகள் கொட்டாவியை விழுங்கினார்கள். வழக்கமான நேரம் வந்தது, மணி அடிக்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் மேடம் தன் பாடத்தை முடித்துவிட்டு, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் எழுதச் சொல்லிவிட்டு, மணிக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது பலகை விளிம்பைத் தாண்டி என் கடையிலிருந்து தெரிந்தது. சார் ஆப்பிளை முடித்தார். குமட்டலைத் தாண்டி, யாரும் கேட்காத ஒரு வரைபடத்தை ஆரம்பித்தார். நிழல் என் கடைப் படியைத் தாண்டிய பிறகுதான், டிங் டிங்.

பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். சார் காலிப் பெஞ்சுகளுக்கு முன்னால் சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அப்புறம் தெருவைக் கடந்து நேரே என்னிடம் வந்தார்.

"பாத்தியா தங்கச்சி? நான் அவ நேரத்தைத் திருடினேன். அவ தன் நேரத்தை எனக்குக் கொடுக்கறா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதுலயும் அவதான் முந்தி."